மானுக்கும் இலக்குத் தாளுக்கும் ஒரே ரைஃபிள்: எந்தத் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: மான் வேட்டைக்கான உரிமமும் பயிற்சிச் சான்றும் முறைப்படி பெற்றுவிட்டேன், முதல் ரைஃபிளை வாங்க இருக்கிறேன். இரண்டு ரைஃபிள் வாங்க வசதியில்லை. வேட்டைக் காலத்தில் மானுக்கும், மற்ற மாதங்களில் சுடுதளத்தில் 100 முதல் 300 மீட்டர் வரையிலான இலக்குப் பயிற்சிக்கும் ஒன்றே உதவ வேண்டும். நான் சுடக்கூடிய மான்கள் 60 முதல் 90 கிலோ எடை இருக்கும். 200 மீட்டருக்கு அப்பால் சுடும் எண்ணமில்லை. எனக்கு மெலிந்த உடல்வாகு. நண்பர் தம்முடைய .300 வின்செஸ்டர் மேக்னத்தைச் சுட்டுப் பார்க்கக் கொடுத்தார். சில தோட்டாக்களிலேயே தோள் கன்றிவிட்டது. இப்போது விசையை அழுத்தும்போதெல்லாம் கண் தானாக மூடிக்கொள்கிறது. 'போகப்போகப் பழகிவிடும், பெரியதாக வாங்கினால் எல்லாவற்றுக்கும் ஆகும்' என்கிறார் அவர். .243, 6.5 கிரீட்மோர், .308, .30-06 என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை வாங்கட்டும்? வேட்டைக்கும் இலக்குக்கும் ஒரே தோட்டாவைப் பயன்படுத்தலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் குறிப்பிட்டுள்ள எடைக்கும் தொலைவுக்கும் 6.5 கிரீட்மோர் மிகவும் பொருத்தமானது. நீங்கள் தோட்டா வாங்கும் இடத்தில் அது தட்டுப்பாடில்லாமல் கிடைக்காது என்றால், .308 வின்செஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். .300 மேக்னம் உங்களுக்கு வேண்டாம். இரண்டாவது கேள்விக்கு விடை, ஒரே ரைஃபிள் போதும். ஆனால் தாளுக்குச் சுடும் குண்டை மானுக்குச் சுடக் கூடாது. இந்த இரண்டாவது செய்தி, எந்தக் கேலிபர் (குண்டின் விட்டம்) என்பதைவிட முக்கியமானது என்பதால் அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். இந்தக் கடிதம் முழுவதிலும் 'தோட்டா' என்று நான் எழுதுவது பித்தளைக் கூடும் வெடிமருந்தும் குண்டும் சேர்ந்த முழுப் பொருளை. 'குண்டு' என்பது குழலை விட்டுப் பறந்து செல்லும் பகுதியை மட்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது, கண் மூடிக்கொள்கிறது என்ற அந்த ஒரு வரிதான். உங்கள் நண்பர் நல்லெண்ணத்தில் சொல்லியிருப்பார். ஆனாலும் அது பழகிப்போகும் குறை அன்று, பழகப் பழக வேரூன்றும் குறை. அடுத்த நொடியில் அடி விழப்போகிறது என்று உடல் ஒருமுறை கற்றுக்கொண்டுவிட்டால், ஒவ்வொரு தோட்டாவும் அந்தப் பாடத்தையே திரும்பச் சொல்லிக்கொடுக்கும். இதைக் கண்டறியப் பயிற்றுநர்கள் கையாளும் எளிய சோதனை ஒன்று உண்டு. சுடுபவர் பார்க்காதபோது, உடன் இருப்பவர் சில முறை மெய்த் தோட்டாவையும் சில முறை மருந்தில்லாத டம்மித் தோட்டாவையும் ஏற்றித் தருவார். டம்மி வந்த முறை, சுடும் ஊசி வெறுமனே 'டிக்' என்று தட்டும். வெடிக்கவே வெடிக்காத அந்த ரைஃபிளின் முனை அப்போது கீழ்நோக்கிச் சரிவதையும், தோள் முன்னால் தள்ளுவதையும், இமை இறுக மூடுவதையும் பக்கத்தில் இருப்பவர் தெளிவாகப் பார்க்கலாம். தோளிலிருந்து குழல் முனை வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் என்று கொண்டால், முனை ஒரே ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்தாலும் 200 மீட்டர் தொலைவில் குண்டு 20 செ.மீ. கீழே போய்விடும். நீங்கள் சொல்லும் அளவுள்ள மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதியின் குறுக்களவே ஏறத்தாழ அவ்வளவுதான். எனவே நெஞ்சுக்கு வைத்த குறி முன்னங்காலில் விழும். அந்த மான் காயத்தோடு ஓடும். மேக்னத்தின் கூடுதல் ஆற்றலால் இதற்குப் பரிகாரம் எதுவும் இல்லை.

கேலிபர் என்பது குண்டின் விட்டம் மட்டுமே, வலிமையின் அளவுகோல் அன்று. .308 வின்செஸ்டர், .30-06 ஸ்பிரிங்ஃபீல்டு, .300 வின்செஸ்டர் மேக்னம் ஆகிய மூன்றும் 7.82 மி.மீ. விட்டமுள்ள ஒரே வகைக் குண்டைத்தான் செலுத்துகின்றன. கூட்டுக்குள் இருக்கும் மருந்தின் அளவுதான் வேறு. அதனால் குண்டின் வேகமும் உங்கள் தோளுக்கு வரும் உதைப்பும் வேறுபடுகின்றன. ஏறத்தாழ மூன்றரைக் கிலோ எடையுள்ள ரைஃபிளில், .243 வின்செஸ்டரின் உதைப்பு சுமார் 12 ஜூல், 6.5 கிரீட்மோருக்கு 16, .308-க்கு 21 அல்லது 22, .30-06-க்கு 25, .300 மேக்னத்துக்கு 35 ஜூல் என்று வைத்துக்கொள்ளலாம். குண்டின் எடையைப் பொறுத்து இவை சற்றுக் கூடும், குறையும். ஆனால் வரிசை மாறாது. நீங்கள் சுட்டுப் பார்த்தது இந்த வரிசையின் கடைசித் தோட்டாவை. நான் பரிந்துரைப்பது அதில் பாதிக்கும் குறைவாக உதைப்பது.

இனி மான் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். நல்ல வேட்டைக்குண்டு நுரையீரல் இரண்டையும் துளைத்து, போகும் வழியில் விரிந்து, மறுபுறம் வெளியேறும் அளவு ஊடுருவ வேண்டும். 60 முதல் 90 கிலோ மானுக்கு இதைச் செய்யப் பேராற்றல் தேவையில்லை. 9 கிராம் எடையுள்ள, அதாவது 140 கிரெய்ன், 6.5 கிரீட்மோர் குண்டு விநாடிக்குச் சுமார் 820 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. அப்போது அதன் ஆற்றல் 3,000 ஜூலுக்குச் சற்று மேல். 150 கிரெய்ன் .308 குண்டு 860 மீட்டர் வேகத்தில் முந்திப் புறப்பட்டாலும், குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் காற்றின் தடையில் வேகத்தை விரைவாக இழக்கிறது. ஒல்லியாகவும் நீளமாகவும் உள்ள 6.5 குண்டு தன் வேகத்தைக் காத்துக்கொள்கிறது. 200 மீட்டரை அடையும்போது இரண்டும் ஏறத்தாழ ஒரே வேகத்தில், விநாடிக்கு 720 மீட்டர் அளவில் இருக்கும். மானைப் பொறுத்தவரை அந்த இடத்தில் இரண்டுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு எதுவுமில்லை. உங்கள் தோளுக்குத்தான் வேறுபாடு உண்டு.

.243 வின்செஸ்டர் 1955-இல் .308-இன் கூட்டை முனையில் ஒடுக்கி உருவாக்கப்பட்டது; மிக மென்மையானது; 100 கிரெய்ன் குண்டோடு எத்தனையோ மான்களைச் சுத்தமாக வீழ்த்தியிருக்கிறது. மான் பக்கவாட்டில் அசையாமல் நின்று, குண்டு விலா எலும்புகளுக்கு இடையே போனால் அதில் குறை சொல்ல எதுவுமில்லை. மான் சற்றே திரும்பி நின்று, குண்டு தோள்பட்டை எலும்பைக் கடந்து போக வேண்டிய நிலையில்தான் அந்த இலேசான குண்டு தடுமாறுகிறது. 90 கிலோ மானுக்கு அவ்வளவு குறுகிய இடைவெளியில் ஒரு புதியவரை நிறுத்த எனக்கு மனமில்லை. .223 ரெமிங்டனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும், தோட்டா மலிவு என்பதால் யாராவது சொல்லக்கூடும். அது தாளுக்கு அருமையானது. இந்த எடையுள்ள மானுக்கு அன்று. பல நாடுகளின் சட்டமும் அதை அனுமதிப்பதில்லை. எடுத்துக்காட்டாக, இங்கிலாந்தில் பெரும்பாலான மான் இனங்களுக்குக் குறைந்தது .240 அங்குல விட்டமும் குழல் முனையில் 2,305 ஜூல் ஆற்றலும் வேண்டும் என்பது சட்டம். உங்கள் உரிமத்தில் விட்டம், ஆற்றல், குண்டின் வகை என்று எந்தெந்த வரம்பு எழுதப்பட்டிருக்கிறது என்பதை வாங்குவதற்கு முன் வரிவரியாகப் படித்துவிடுங்கள்.

.30-06 பற்றி ஓரிரு வரிகள் போதும். 1906-இலிருந்து நிலைத்திருக்கும் அந்தத் தோட்டாவின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அதன் கூடுதல் வலிமை உங்கள் மான்களுக்குத் தேவையில்லை. அந்த உதைப்பைச் சுடுதளத்தில் வாரந்தோறும் தாங்க வேண்டியதில்லை. 1925-இல் வந்த .270 வின்செஸ்டருக்கும் ஏறத்தாழ இதே பதில்தான். அதற்கு இலக்குப் பயிற்சிக்கான தோட்டா வகைகளும் குறைவு. 7 மி.மீ.-08 ரெமிங்டனும், 1894-இல் பிறந்த 6.5×55 ஸ்வீடிஷும் 6.5 கிரீட்மோருக்கு நிகரான நல்ல தோட்டாக்கள். இவற்றில் ஒன்றுக்கான நல்ல ரைஃபிள் கைக்கு வந்து, தோட்டாவும் எளிதாகக் கிடைக்கும் என்றால் தயங்காமல் வாங்கலாம்.

இலக்குத் தாளின் தேவை வேறு. மானுக்கு ஓர் ஆண்டில் சுடுவது விரல்விட்டு எண்ணக்கூடிய தோட்டாக்கள், தாளுக்கோ நூற்றுக்கணக்கில். உதைப்பு, தோட்டாவின் விலை, கிடைக்கும் எளிமை, குழலின் ஆயுள் ஆகிய நான்கும் இங்கேதான் கணக்குக்கு வருகின்றன. 300 மீட்டரில் காற்றும் சேர்ந்துகொள்கிறது. மணிக்கு 16 கி.மீ. வேகத்தில் பக்கவாட்டுக் காற்று வீசினால், 168 கிரெய்ன் .308 குண்டு அந்தத் தொலைவில் சுமார் 23 செ.மீ. விலகும், 140 கிரெய்ன் 6.5 குண்டு சுமார் 16 செ.மீ. விலகும். பன்னாட்டுத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் 300 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10 செ.மீ. என்பதோடு ஒப்பிட்டால், அந்த 7 செ.மீ. வேறுபாட்டின் மதிப்பு விளங்கும். 6.5 கிரீட்மோர் 2007-இல் ஹார்னடி நிறுவனத்தால் கொண்டுவரப்பட்டதே நெடுந்தொலைவு இலக்குப் போட்டிகளை மனத்தில் வைத்துத்தான். வேட்டைக்கு அது பின்னர்ப் பரவியது.

.308-க்கு இரண்டு நியாயங்கள் இருக்கின்றன, அவற்றை மறைக்க விரும்பவில்லை. முதலாவது குழலின் ஆயுள். குழலைக் கொதிக்க விடாமல் நிதானமாகச் சுட்டால் .308 குழல் 5,000 தோட்டாக்களைக் கடந்தும் துல்லியம் குறையாமல் உழைக்கும். 6.5 கிரீட்மோர் குழலின் தொண்டைப் பகுதி, அதாவது குண்டு குழலுக்குள் நுழையும் இடம், பொதுவாக 2,000 முதல் 3,000 தோட்டாக்களில் தேயத் தொடங்கும்; .243 அதற்கும் முன்னதாகவே தேயும். மாதம் 60 தோட்டா சுட்டால் மூன்று, நான்கு ஆண்டுகளில் குழல் மாற்றும் செலவு வரக்கூடும் என்பதை இப்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, போட்டி விதிகள். எஃப்-கிளாஸ் என்னும் நெடுந்தொலைவு இலக்குப் போட்டிகளில் எஃப்-டி.ஆர். பிரிவு .223-க்கும் .308-க்கும் மட்டுமே திறந்திருக்கிறது. அந்தப் பிரிவில் இறங்கும் ஆசை உங்களுக்கு இருந்தால் .308-தான் இரண்டு வேலைக்கும் ஆகும். எடை கூடிய ரைஃபிளையும் நல்ல ரப்பர்த் தோளணையையும் தேர்ந்தெடுத்து, சற்று மெதுவாகப் பழகி வந்தால் அதன் உதைப்பும் மெலிந்த உடலுக்குத் தாங்காத ஒன்றன்று.

இப்போது குண்டுக்கு வருகிறேன். 'மேட்ச்' என்று பெட்டியில் அச்சிடப்பட்ட இலக்குக் குண்டின் முனையில் ஊசித்துளை போன்ற சிறு வாய் இருக்கும். அது மானுக்குள் விரிவதற்காக வைத்தது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படியன்று. குண்டின் செம்பு உறையை அடிப்பகுதியிலிருந்து முனையை நோக்கி இழுத்து உருவாக்கும்போது, அடி சீராக மூடியிருக்க வேண்டும் என்பதற்காக முனையில் விடப்படும் திறப்பு அது. அடி சீராக இருந்தால் குண்டு குழலை விட்டு நேராகப் புறப்படும். துல்லியம் அங்கிருந்து வருகிறது. ஆனால் உடலுக்குள் அந்தக் குண்டு என்ன செய்யும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. சில நேரம் விரியாமல் மெல்லிய துளையிட்டுக் கடந்துவிடும். சில நேரம் மேல் எலும்பிலேயே சிதறி உள்ளே போகாது. இரண்டுமே மானுக்கு நீண்ட வேதனை. முழுவதும் உறையிட்ட ராணுவ வகைக் குண்டு இன்னும் மோசமானது. மான் வேட்டைக்குப் பல இடங்களில் அதற்குத் தடையும் உண்டு. சுடுதளத்தில் தாளில் துளைகளை எவ்வளவு நெருக்கமான குழுவாக அது இட்டாலும், மேட்ச் தோட்டாவை வேட்டைக்கு எடுத்துச் செல்லாதீர்கள்.

வேட்டைக்குண்டு, விரிவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. ஈயம் முனையில் வெளித்தெரியும் மென்முனைக் குண்டு, உறையோடு ஈயத்தை இணைத்து ஒட்டிய பாண்டட் குண்டு, முழுவதும் செம்பால் ஆன குண்டு என்று இதில் வகைகள் உண்டு. உங்கள் மான்களுக்கு முதல் இரண்டில் எதுவும் நன்றாக வேலை செய்யும். ஆனாலும் செம்புக் குண்டை ஒருமுறை முயன்று பார்க்கச் சொல்வேன். ஈயக் குண்டு விரியும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் காயத்தைச் சுற்றிலும் நெடுந்தூரம் இறைச்சிக்குள் பரவுகின்றன என்பதை எக்ஸ்ரே படங்கள் காட்டியிருக்கின்றன. வீட்டில் குழந்தைகளோ கருவுற்ற பெண்களோ அந்த இறைச்சியை உண்பார்கள் என்றால் இது சிறிய செய்தி அன்று. கலிபோர்னியா மாநிலம் 2019 ஜூலை முதல் எல்லா வேட்டைக்கும் ஈயமில்லாத தோட்டாவைக் கட்டாயமாக்கியிருக்கிறது. செம்புக் குண்டில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாகும், ஆகவே 6.5-இல் 120 அல்லது 130 கிரெய்ன் எடையோடு நிறுத்திக்கொள்ளலாம். அடுத்து, செம்பு நன்றாக விரிய வேண்டுமானால் தாக்கும் நேரத்தில் விநாடிக்குச் சுமார் 600 மீட்டர் வேகமாவது இருக்க வேண்டும். உங்கள் 200 மீட்டர் எல்லைக்குள் அந்தக் கவலை இல்லை.

குழலின் உட்புறத்தில் உள்ள புரிகள் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றுகின்றன என்பதையும் வாங்கும்போது பாருங்கள். நீளமான குண்டு நிலைகுலையாமல் பறக்க விரைவான சுழற்சி வேண்டும். 6.5 கிரீட்மோருக்கு 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று வழக்கமானது. அது இலக்குக் குண்டு, வேட்டைக்குண்டு இரண்டையும் நிலைப்படுத்தும். .308 வாங்கினால் 10 அங்குலச் சுழற்சியாகப் பார்த்து எடுங்கள்.

இரண்டு வகைத் தோட்டாக்களும் ஒரே புள்ளியில் படாது. மேட்ச் குண்டுக்குச் சரிசெய்த ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கியில்), வேட்டைக்குண்டு 100 மீட்டரிலேயே சில சென்டிமீட்டர் மேலோ பக்கவாட்டிலோ விழலாம். அதனால் எந்தத் தோட்டாவுக்கு ஸ்கோப்பின் திருகை எத்தனை கிளிக் திருப்ப வேண்டும் என்பதைச் சிறு அட்டையில் எழுதி, தோளில் அணைக்கும் அடிக்கட்டையில் ஒட்டிவிடுங்கள். வேட்டைக் காலம் தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே வேட்டைத் தோட்டாவுக்கு மாற்றிவிட்டு, காலம் முடியும்வரை அந்த அமைப்பைத் தொடாதீர்கள். வேட்டைத் தோட்டாவை 200 மீட்டருக்குச் சரிசெய்தால் 100 மீட்டரில் அது 5 செ.மீ. அளவு உயரத்தில் படும். எனவே உங்கள் எல்லைக்குள் எங்கே நின்றாலும் மானின் நெஞ்சுப் பகுதியின் நடுவில் குறிவைத்தால் போதும், மனக்கணக்குப் போட வேண்டியதில்லை. இதைச் சோதிக்கும்போது, பத்துக் குண்டுகளின் குழுவைவிட, ஆறிக் குளிர்ந்த குழலிலிருந்து போகும் முதல் குண்டு எங்கே விழுகிறது என்பதையே பாருங்கள். மெல்லிய வேட்டைக் குழல் மூன்று, நான்கு குண்டுகளில் சூடேறித் தன் புள்ளியை விட்டு நகரக்கூடும். மான் முன்னால் நிற்கும்போது உங்கள் கையில் இருப்பது குளிர்ந்த குழல்தான்.

ரைஃபிளின் எடை ஸ்கோப்போடு சேர்த்து நான்கு கிலோ அளவில் இருக்கட்டும். அதைவிட இலேசானது மலையேறச் சுகமாக இருக்கும், ஆனால் தோளில் அதிகம் உதைக்கும். மிகக் கனமான இலக்கு ரைஃபிளைக் காட்டில் நாள் முழுவதும் சுமக்க முடியாது. அடிக்கட்டையின் நீளம் உங்கள் கைக்குப் பொருந்துகிறதா என்பதைக் கட்டாயம் பாருங்கள். நீளமான கட்டையோடு மெலிந்த உடல் பின்னால் சாய்ந்து நின்றால், சிறிய தோட்டாவும் பெரியதாக உதைக்கும். குழல் முனையில் பொருத்தும் பிரேக் உதைப்பைக் குறைக்கும் என்றாலும், ஓசையைப் பக்கத்தில் இருப்பவர்கள் மீது திருப்பிவிடுகிறது. முதல் ரைஃபிளுக்கு அது வேண்டியதில்லை. பிரேக் இல்லாமலே ரைஃபிளின் ஓசை 160 டெசிபலை ஒட்டியது. சுடுதளத்தில் காதுக்குள் செருகும் அடைப்பானையும் அதன்மேல் காதுக் கவசத்தையும் சேர்த்து அணியுங்கள். ஓசையின் அதிர்ச்சி குறைந்தாலே கண் மூடும் பழக்கமும் பாதி தளர்வதைப் பார்ப்பீர்கள்.

நண்பரோடு சேர்ந்து சுடும்போது ஒன்றில் மட்டும் எந்தத் தளர்வும் வேண்டாம். மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரே வகைத் தோட்டாதான் இருக்க வேண்டும். .308 தோட்டா .30-06 ரைஃபிளில் தோட்டா அமரும் அறைக்குள் நுழைந்துவிடும். சுட்டால் கூடு பிளந்து, கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரக்கூடும். தோட்டாவின் அடியில் பொறித்திருக்கும் பெயரும் குழலில் பொறித்திருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று ஒவ்வொரு பெட்டியையும் திறக்கும்போது பாருங்கள்.

ரைஃபிள் கைக்கு வருவதற்கு முன், இரவலாகவாவது ஒரு .22 ரைஃபிளை எடுத்துக்கொண்டு 50 மீட்டரில் சில வாரங்கள் சுடுங்கள். கிட்டத்தட்ட உதைப்பே இல்லாத அந்தத் துப்பாக்கியில், விசை விடுபடும் நொடியிலும் கண்ணைத் திறந்து வைத்திருக்க உடல் திரும்பக் கற்றுக்கொள்ளும். பெரிய ரைஃபிளுக்கு மாறியபின் ஒரு நாளில் 20 தோட்டாவுக்கு மேல் வேண்டாம். இடையிடையே டம்மித் தோட்டாவைக் கலந்து நண்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுடுவது ரைஃபிளைச் சோதிப்பதற்கு. உங்களைச் சோதிக்க, உட்கார்ந்தும் மண்டியிட்டும் ஊன்றுகோலில் தாங்கியும் சுட வேண்டும். அந்த நிலைகளில், வேட்டைத் தோட்டாவில், தொடர்ந்து ஐந்து குண்டுகளை 15 செ.மீ. வட்டத்துக்குள் எந்தத் தொலைவு வரை வைக்க முடிகிறதோ, அந்தத் தொலைவுதான் இந்த ஆண்டு உங்கள் எல்லை. அது 120 மீட்டராக இருந்தால் 120 மீட்டர்தான்; ரைஃபிளின் தோட்டா 300 மீட்டர் எட்டும் என்பது அங்கே பொருட்டல்ல.

வாங்கும் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் தோட்டா தட்டில்லாமல் கிடைப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள், பிறகு ரைஃபிள், பிறகு நல்ல ஸ்கோப். மூன்று வெவ்வேறு வேட்டைத் தோட்டாக்களில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பாருங்கள். ஒரே கேலிபரில் உள்ள இரண்டு ரைஃபிள்கள்கூட ஒரே தோட்டாவை விரும்புவதில்லை. 100 மீட்டரில் 4 செ.மீ.க்குள் எது சீராகக் குழுவாகிறதோ, அதில் ஒரே உற்பத்தித் தொகுதி எண் உள்ள பெட்டிகளாக இரண்டு வேட்டைக் காலத்துக்குப் போதுமான அளவு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மேட்ச் தோட்டாவை அதன் பிறகு நிதானமாகத் தேடலாம்.